ஓடையில் செந்தண்ணீர் ஓடுவது ஏன்? மண் அரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருமழை ஓய்ந்ததும் ஊர் ஓடைப் பக்கம் போய் நின்றிருப்பீர்கள். தண்ணீர் டீ நிறத்தில் புரண்டு ஓடும். "நல்ல வெள்ளம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அந்த நிறம், மேட்டுக்காட்டில் யாரோ ஒருவருடைய மேல்மண். மண் அரிப்பு என்றதும் எல்லாரும் பள்ளத்தைப் பற்றியும் சரிவைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். கண்ணில் படுகிற அரிப்பைவிடப் படாத அரிப்பில்தான் நம் உழவுக் காட்டுக்கு நட்டம் அதிகம் என்பது என் கட்சி. பதில்களில் அந்தச் சாய்வு தெரியும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மண் அரிப்பு என்றால் சரியாக என்ன?

மண் துகள் இருந்த இடத்திலிருந்து பெயர்கிறது, பயணம் போகிறது, எங்கோ ஓரிடத்தில் படிகிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அரிப்பு. பெயர்ப்பது மழைத்துளியாக இருக்கலாம், ஓடும் தண்ணீராக, காற்றாக, கலப்பையாகக்கூட இருக்கலாம். பெயர்ந்த துகளைத் தூக்கிப்போக ஒரு வாகனம் வேண்டும். அது நம்மூரில் பெரும்பாலும் தண்ணீர்தான்.

மூன்றையும் பிரித்துப் பார்ப்பது புத்தகப் பாடத்துக்காக அல்ல. எந்தக் கட்டத்தில் தடுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். பெயராமல் தடுக்க ஒரு கட்டு வைக்கோல் போதும். பயணத்தைத் தடுக்க வரப்பு வேண்டும். படிந்த பிறகு எடுக்க வேண்டுமானால் பொக்லைனும் டிப்பர் லாரியும் வர வேண்டும்.

இது இயற்கையாக நடப்பதுதானே? ஏன் பிரச்சினையாகப் பேச வேண்டும்?

இயற்கையாகவும் நடக்கிறது. தஞ்சை டெல்டா முழுக்க மேலிருந்து காவிரி அரித்துக் கொண்டுவந்து போட்ட மண்தான். அரிப்பே இல்லையென்றால் நமக்கு அந்த நெல் வயல்கள் இல்லை. காடும் புல்வெளியும் மூடிய நிலத்தில் மண் போகிற வேகமும், அடிப்பாறை சிதைந்து புது மண் உருவாகிற வேகமும் ஏறத்தாழ ஒத்துப்போகும்.

நாம் நிலத்தைத் திறந்து போட்ட பிறகு அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், பல இடங்களில் பல நூறு ஆண்டுகள். அதே ஒரு சென்டிமீட்டரை, சரிவில் வெறுமனே கிடக்கும் உழவு நிலம் சில மழைக்காலங்களில் விட்டுவிடும்.

1983-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுக்கு 533 கோடி டன் மண் பெயர்கிறது. சராசரியாக ஹெக்டேருக்கு 16 டன்னுக்குச் சற்று மேல். அதில் 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது, 10 விழுக்காடு அணைகளிலும் ஏரிகளிலும் தங்குகிறது. மீதி 61 விழுக்காடு ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் போடப்படுகிறது, அவ்வளவுதான். பழைய கணக்கு, ஆனாலும் இன்றுவரை எல்லாரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

16 டன் என்றால் மலைப்பாக இருக்கிறது. வயலில் எதுவும் தெரியவில்லையே?

தெரியாது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண்ணின் எடை சுமார் 13 டன். ஆக, 16 டன் என்பது ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம்தான். ஒரு உழவில் மறைந்துபோகும்.

ஒரு மழைத்துளி என்ன செய்துவிட முடியும்?

சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை செம்மண் புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்கும். யாரும் வந்து எறியவில்லை. கீழே விழுந்த துளி மண்ணை எகிற வைத்திருக்கிறது. இதுதான் மழைத்துளி அரிப்பு. எல்லா நீர் அரிப்புக்கும் முதல் படி.

பெரிய துளி ஒன்று 5 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். தரையைத் தொடும்போது நொடிக்கு 9 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 200 டன் தண்ணீர் அந்த வேகத்தில் வந்து மோதுகிறது. தெறிக்கும் துகள் அரை மீட்டருக்கு மேல் எழும்பி, பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் வரைகூடப் போகும். சமதளத்தில் இங்கிருந்து அங்கே போனது அங்கிருந்து இங்கே வந்துவிடும். சரிவில் அப்படி இல்லை. கீழ்ப்பக்கம் போகிறது அதிகம், திரும்பி வருவது குறைவு.

துளியின் உண்மையான கேடு தெறிப்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. மண்கட்டி உடைந்து பொடியாகிறது. அந்தப் பொடி மண்ணின் துவாரங்களில் போய் அடைத்துக்கொள்கிறது. மேலே பாலாடை மாதிரி ஒரு ஏடு கட்டுகிறது. வெயில் அடித்ததும் அது இறுகி, விதைத்த கடலை முளைத்து வரக்கூடத் திணறும். அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலோடு ஓடத் தொடங்கிவிடும். அரை மணி நேரம் நல்ல மழை பெய்தும் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தால் அடியில் காய்ந்த மண் வருகிறது என்று மானாவாரிக்காரர்கள் சொல்வதற்குப் பல நேரம் இந்த ஏடுதான் காரணம்.

படல அரிப்பு என்கிறார்களே, அது எது?

உள்ளே இறங்காத தண்ணீர் மெல்லிய பாய் விரித்தது போல நிலம் முழுக்கப் பரவி ஓடும்போது, துளி பெயர்த்துப் போட்ட துகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. தோலை உரிப்பது போல, எல்லா இடத்திலும் ஒரே சீராக எடுக்கும். தடம் எதுவும் விடாது. பக்கத்துக் காட்டுக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதைத்தான் நான் மோசமானது என்கிறேன். ஏனென்றால் தண்ணீர் பார்த்துப் பார்த்து எடுக்கிறது. கனமான மணலையும் சரளையையும் விட்டுவிட்டு, லேசான களித்துகளையும், இலைதழை மக்கிய மக்கையும் முதலில் எடுக்கும். உரமும் ஈரமும் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டில்தான். அதனால் ஓடையில் போகிற மண், காட்டில் மிச்சம் இருக்கிற மண்ணைவிட வளமானது. பாலை வடித்துவிட்டு நீரை வைத்துக்கொள்கிற மாதிரி. விளைச்சல் குறையும்போது நாம் விதையைக் குறை சொல்வோம், மழையைக் குறை சொல்வோம், இன்னொரு மூட்டை யூரியா போடுவோம்.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. சின்னச் சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு மண் தூணின் மேல் குடை பிடித்தது போல நிற்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண் மட்டும் தப்பித்தது என்று பொருள். வேலி மரத்தின் வேர் வெளியே தெரியும். மேட்டுப் பகுதியில் மண் வெளிறி, பயிர் குட்டையாக இருக்கும், வரப்போரம் மட்டும் செழித்து நிற்கும். வருடா வருடம் காட்டில் கல் "முளைக்கிறது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல் முளைக்கவில்லை. மண் இறங்கிவிட்டது.

சிற்றோடைக்கும் பள்ளத்துக்கும் என்ன வேறுபாடு?

பரவி ஓடும் தண்ணீர் வெகுதூரம் பரவலாகவே ஓடாது. தாழ்வான கோடு ஒன்றைக் கண்டுபிடித்து அதில் கூடும். விரல் அகலத்தில், சாண் அகலத்தில் கீறல் விழும். இது சிற்றோடை அரிப்பு. அடுத்த உழவில் மூடிக்கொள்ளும். மூடிக்கொள்வதாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. உழவு ஓட்டியும் மூட முடியாத ஆழத்துக்குப் போய்விட்டால் அது பள்ள அரிப்பு. சுமார் ஓர் அடி ஆழத்தை எல்லைக் கோடாக வைத்துக்கொள்வார்கள்.

பள்ளம் கீழ்நோக்கி வளரும் என்றுதான் நினைப்போம். அது மேல்நோக்கி வளரும். பள்ளத்தின் தலைப்பகுதியில் தண்ணீர் குட்டி அருவி போல விழுகிறது. விழுகிற இடத்தில் அடி குடைகிறது. மேலே இருக்கும் மண் தாங்க முடியாமல் இடிந்து விழுகிறது. அருவி ஓரடி பின்னால் நகர்கிறது. இப்படியே மேட்டை நோக்கி நடந்து வரும்.

எங்கள் காட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். மேற்கே புதிதாக ஒரு ரோடு போட்டார்கள். முன்பு அகலமாகப் பரவி வந்த மழைத்தண்ணீரை ரோடு மறித்துவிட்டது. அதற்கு வழியாக ஒரே ஒரு குழாயை ரோட்டுக்கு அடியில் பதித்தார்கள். குழாயின் வாய் எங்கள் வரப்பைப் பார்த்து இருந்தது. முதல் வருடம் கணுக்கால் ஆழக் கீறல். மூன்றாவது வருடம் மாட்டு வண்டி கடக்க முடியவில்லை. மழையும் அதேதான், மண்ணும் அதேதான், தண்ணீரை ஒரே இடத்தில் குவித்துவிட்டார்கள், அவ்வளவுதான் மாற்றம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை அந்த மூன்று வருடங்களில் கற்றுக்கொண்டேன்.

பள்ளம் அப்படியே விட்டுவிட்டால் எவ்வளவு தூரம் போகும்?

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் பரவியிருக்கும் சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வரை போகும். அங்கே பள்ளத்துக்குள் பள்ளமாக நிலமே புதிர்வழி போல ஆகிவிட்டது. கொள்ளைக்காரர்கள் ஒளிந்த இடம் என்று நமக்குச் சினிமா மூலம் தெரியும். உழவர்கள் இழந்த வயல்கள் என்று யாரும் படம் எடுக்கவில்லை.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் பொம்மையார்பாளையம் பக்கம் செம்மண் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. இன்று கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்க அழைத்துப் போகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த மேட்டுநிலத்தில் ஒரு காலத்தில் காடு இருந்தது. மரம் வெட்டி, மேய்த்து, வெறுமனே கிடந்த செம்மண்ணில் வடகிழக்குப் பருவமழை பாய்ந்து நேராக வங்கக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. 1968-இல் அதே மேட்டில் ஆரோவில் தொடங்கியபோது நிலம் கட்டாந்தரையாக இருந்தது. அங்கே குடியேறியவர்கள் மரம் நட்டதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். மரத்தோடு சேர்த்து அவர்கள் கரை போட்டார்கள், பள்ளங்களில் தடுப்பணை கட்டினார்கள். மழை விழுந்த இடத்திலேயே தண்ணீர் நிற்காமல் நட்ட கன்று பிழைத்திருக்காது.

காற்றும் மண்ணை அரிக்குமா? தமிழ்நாட்டில் அப்படி இடம் உண்டா?

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக் காட்டுக்கு ஆடி மாதத்தில் ஒருமுறை போய் வாருங்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேல் என்று மணல்மேடுகள். ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைந்து இந்தச் சமவெளியில் விரட்டும். மலையின் மறைவில் இருப்பதால் அந்த நேரத்தில் இங்கே மழை கிடையாது. காய்ந்த மணல், கடும் காற்று, மூடாத தரை. ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, தேரி மணல் பறக்கும். வேலியையும் பாதையையும் மூடிவிட்டுப் போகும்.

காற்று மூன்று விதமாக மண்ணைக் கடத்துகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூசி மேலே மிதந்து எங்கோ போய்விடும். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை உள்ள பெரிய துகள் பறக்க முடியாமல் தரையோடு உருண்டு நகரும். இரண்டுக்கும் இடைப்பட்ட மணல்தான் முக்கியமான ஆள். அது துள்ளித் துள்ளிப் போகும். பெரும்பாலும் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள்தான் துள்ளும். விழும் இடத்தில் மற்ற துகள்களை இடித்து எழுப்பிவிடும், இளம் பயிரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல உரித்துவிடும். காற்றில் போகிற மண்ணில் பாதிக்கு மேல் இப்படித் துள்ளிப் போவதுதான். ஆகவே வானளாவிய மரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தரையோடு படர்ந்த ஒரு புல் வரிசை இந்தத் துள்ளலை உடைத்துவிடும். தேரியில் பனையும் உடைமரமும் முந்திரியும் சேர்ந்து செய்கிற வேலை இது. பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் 1930-களின் புழுதிப்புயல் காலம். நடுப்பகுதிச் சமவெளியின் புல்தரையைப் பெருமளவு உழுது கோதுமை போட்டார்கள். அடுத்தடுத்து வறட்சி வந்தது. பிடித்து வைக்க வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை எழுந்த புயலில் பட்டப்பகல் இருண்டு போனதால் அதைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அதே மாதக் கடைசியில் மண் பாதுகாப்புக்கென்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. ஹியூ பென்னட் என்ற மண்ணியலாளர் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருந்த விஷயம் அது. தலைநகருக்கே தூசி வந்து சேர்ந்த பிறகுதான் காதில் விழுந்தது.

நிலச்சரிவும் மண் அரிப்பும் ஒன்றா?

உறவுக்காரர்கள். ஒன்று அல்ல. அரிப்பில் துகள் துகளாகப் போகிறது. சரிவில் மண் ஊறி, எடை கூடி, பிடிப்பு இழந்து மொத்தமாக இறங்குகிறது. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவு, நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவ்வளவு மழையில் எந்த மலையும் சிரமப்படும் என்பது உண்மை. வீட்டுக்கும் ரோட்டுக்கும் சரிவின் காலை வெட்டியதும், வடிகால்களை அடைத்ததும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

நீலகிரியில் மண் அரிப்பு அதிகம் என்கிறார்கள். தேயிலையாலா?

முழுக்கத் தேயிலை மேல் பழி போட முடியாது. கவாத்து செய்து, செடியும் செடியும் தோள் உரச நிற்கிற தேயிலைத் தோட்டம் மண்ணை ஓரளவு நன்றாகவே மூடும். புதிதாக நட்ட முதல் சில வருடங்கள்தான் ஆபத்து. மலைக்காய்கறியின் கதை வேறு. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் எல்லாம் மண்ணைக் கிளறித்தான் நட வேண்டும், கிளறித்தான் எடுக்க வேண்டும். இந்த மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் தரை திறந்திருக்கும் நேரமும் மழை நேரமும் எப்படியாவது மோதிக்கொள்ளும்.

"சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுங்கள்" என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். அந்தப் பயத்தில்தான் சிலர் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிக்கிறார்கள். தண்ணீரும் வடியும், மண்ணும் வடியும். நடுவழி இருக்கிறது. குறுக்காகவே பாத்தி பிடித்து, மிக லேசான வாட்டம் கொடுத்து, ஓரத்தில் புல் வளர்ந்த வடிகாலில் விடலாம். செங்குத்தான இடத்தில் படிப்படியாகத் தளம் வெட்டி, ஒவ்வொரு தளமும் மலைப்பக்கம் உள்வாட்டமாகச் சாய்ந்திருக்கும்படி அமைக்கலாம். உதகையில் 1954 முதல் இயங்கும் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக இதைத்தான் சொல்லிவருகிறது. படித்தளம் வெட்டக் கூலி அதிகம் என்பதும், குத்தகைக்கு எடுத்தவர் அடுத்தவர் நிலத்தில் அந்தக் காசைப் போட மாட்டார் என்பதும் ஆராய்ச்சியால் தீர்க்கக்கூடிய விஷயங்கள் அல்ல.

அங்கிருந்து இறங்கும் மண் குந்தா நீர்மின் திட்ட அணைகளிலும் பில்லூரிலும் வந்து தங்குகிறது. பில்லூர் தண்ணீரைக் குடிப்பது கோயம்புத்தூர்க்காரர்கள்.

ஆற்றங்கரை அரிப்பு, கடல் அரிப்பு?

ஆறு வளைவில் வெளிக்கரையை அரித்து உள்கரையில் சேர்ப்பது அதன் குணம். படுகையில் மணலை ஆழமாக அள்ளிவிட்டால் கரைக்கு அடிப்பிடி போய் அது வேகமாக இடியும். கடற்கரையில் போவது மணல், அது தனிக் கதை. ஒரே ஒரு வரி: நம் கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது, நடுவில் துறைமுகச் சுவர் கட்டினால் தெற்கே மெரினா மாதிரி வளரும், வடக்கே ராயபுரம் மாதிரி தேயும்.

சரி, காரணங்களில் எது முதன்மையானது?

1965-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த விஷ்மையர், ஸ்மித் இருவரும் பல இடங்களில் சோதனைப் பாத்திகளில் பல ஆண்டுகள் திரட்டிய தரவை வைத்து ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். மழையின் வலிமை, மண்ணின் குணம், சரிவின் நீளமும் செங்குத்தும், தரையின் மூடல், உழவர் செய்கிற தடுப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை டன் போகும் என்று வரும்.

இதில் "பெருக்கினால்" என்பதைக் கவனியுங்கள். கூட்டல் கிடையாது. பெருக்கலில் ஒரு எண் பூச்சியத்தை நெருங்கினால் விடையே பூச்சியத்தை நெருங்கிவிடும். மழையை நாம் மாற்ற முடியாது. மண்ணின் குணம் மெல்லத்தான் மாறும். சரிவை மாற்றப் பணம் வேண்டும். மூடலை மட்டும் இந்தப் பட்டத்திலேயே மாற்றலாம். சோளத்தட்டை, கடலைக்கொடி, பயறுச் செடி என்று எதையாவது தரையில் கிடக்க விட்டால் போதும். கொளுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்த மண் எளிதில் அரிக்கும்?

நுண்மணலும் வண்டல் துகளும் அதிகம் உள்ள மண். களி ஒட்டிக்கொள்ளும், பருமணல் கனமாக இருக்கும், இடையில் இருப்பதுதான் எளிதில் கிளம்பும். நம் செம்மண்ணில் மக்கு குறைவு என்பதால் ஏடு கட்டும் பழக்கம் உண்டு. கரிசல் முதல் மழையை வெடிப்பு வழியாகக் குடித்துவிடும். வெடிப்பு மூடியதும் தண்ணீர் இறங்காது, மேலோடு ஓடத் தொடங்கும். கரிசலில் வெறும் மண்வரப்பு வெடித்து உடைந்துபோவதும் இதனால்தான்.

கோடை உழவு நல்லதா கெட்டதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சரிவுக்குக் குறுக்காக, கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்ட கோடை உழவு நல்லது. ஒவ்வொரு கட்டிக்குப் பின்னாலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ரோட்டவேட்டர் ஓட்டி மாவு மாதிரி ஆக்கினால் பார்க்கத் திருப்தியாக இருக்கும், முதல் மழை அதை அப்படியே வழித்துக்கொண்டு போகும். டிராக்டர்காரருக்கு நீளவாக்கில் ஓட்டுவதுதான் வசதி, திருப்பம் குறைவு, டீசல் மிச்சம். காட்டின் நீளம் மேடு பள்ளமாக இருந்தால் அவர் ஒவ்வொரு சால் விடும்போதும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறார். பக்கத்தில் நின்று சொல்லி ஓட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும்.

மரம் நட்டால் மண் அரிப்பு நின்றுவிடுமா?

மரத்தைவிட மரத்தடியைப் பாருங்கள். உயர்ந்த மரத்தின் இலைகளில் சேர்ந்து சொட்டும் துளி, சாதாரண மழைத்துளியைவிடப் பெரிதாக இருக்கும். ஏழெட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய முழு வேகத்தையும் எடுத்துவிடும். அடியில் சருகும் செடியும் இருந்தால் ஒன்றும் ஆகாது. தேக்குத் தோட்டத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்தித் தரையைச் சுத்தமாக வைத்திருந்தால், மேலே பச்சைப்பசேல் என்றிருக்கும், கீழே மண் போய்க்கொண்டிருக்கும். இயற்கைக் காடு மண்ணைக் காப்பது அதன் குப்பையால்.

வெட்டிவேர் பற்றியும் கேட்கிறார்கள். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக வரிசை வைத்தால் அருமையான வேலி, வேர் செங்குத்தாக ஆழம் போகும். வேருக்கு விலை வருகிறது என்று தோண்டி எடுத்துவிட்டால் பாதுகாப்பும் அதோடு போய்விடும். இரண்டு வருமானத்தையும் ஒரே வரிசையில் எதிர்பார்க்கக் கூடாது.

என் காட்டில் எவ்வளவு போகிறது என்று நானே கண்டுபிடிக்கலாமா?

மழை கொட்டும்போது காட்டை விட்டு வெளியேறும் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடியுங்கள். இரண்டு நாள் ஆடாமல் வையுங்கள். மேலே தெளிந்த நீரைச் சாய்த்துவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்து நகைக்கடைத் தராசிலோ சமையலறைத் தராசிலோ எடை போடுங்கள். 10 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தேக்கரண்டி கூட இருக்காது. ஆனால் ஒரு ஏக்கரிலிருந்து 5 சென்டிமீட்டர் அளவு தண்ணீர் இந்தக் கலங்கலோடு வெளியேறினால் 2 டன் மண் போயிருக்கிறது. தோராயம்தான். பக்கத்துக் காட்டுப் பாட்டிலையும் வைத்து ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கும். சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.

ஏரியில் சேர்ந்த வண்டலைத் திரும்பக் காட்டுக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். கரம்பை அடிப்பது என்று நம்மவர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். கோடையில் ஏரி காய்ந்ததும் மாட்டு வண்டியில் அள்ளிப்போய் மானாவாரிக் காட்டில் கொட்டுவார்கள். ஏரிக்கும் ஆழம், காட்டுக்கும் உரம். இப்போது அரசு அனுமதி பெற்று எடுக்க வேண்டும். சாயப்பட்டறை, தோல் ஆலைக் கழிவு சேரும் ஏரியென்றால் எடுக்காதீர்கள். செம்மண்ணுக்கு ஏரிக் களி ஈரம் பிடிக்க உதவும். ஏற்கெனவே களியாக இருக்கும் நிலத்தில் கொட்டிப் பயனில்லை.

பள்ளம் விழுந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், அடுத்த மழை கல்லைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பள்ளம் வெட்டுகிறது. மழை பெய்யும்போது குடையோடு போய், தண்ணீர் எங்கிருந்து வந்து சேர்கிறது என்று மேலே நடந்து பாருங்கள். வண்டித்தடமா, ஆடு மாடு போகும் ஒற்றையடிப் பாதையா, உடைந்த வரப்பா, ரோட்டுக் குழாயா என்று அங்கே தெரியும். முதல் வேலை அதைத் திருப்பி, மறுபடி பரவ விடுவது. மேட்டில் சம உயரக் கோட்டில் வரப்புப் போட்டு, அதிகத் தண்ணீர் வெளியேறக் கல் பாவிய கலிங்கு வையுங்கள். கலிங்கு இல்லாத வரப்பு முதல் பெருமழையில் உடைந்து இருந்ததைவிட மோசமாக்கும்.

அப்புறம் பள்ளத்தின் தலை. செங்குத்தாக நிற்கும் மண்சுவரைச் சாய்வாகச் சரித்து, கல் அடுக்கி, புல் வையுங்கள். அதன் பிறகுதான் உள்ளே தடுப்புகள். ஒரே பெரிய தடுப்பைவிட முழங்கால் உயரத்தில் நாலைந்து சின்னத் தடுப்புகள் நல்லது. கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல் தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி இடைவெளி விடுங்கள். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தட்டையாகக் கட்டினால் தண்ணீர் ஓரத்தைக் குடைந்துகொண்டு போகும். இரு பக்கக் கரைக்குள்ளும் கல்லை ஓரடியாவது புதைத்துவிடுங்கள்.

எங்கள் பள்ளத்தில் ரோட்டுக் குழாயை மாற்றித்தர யாரும் வரவில்லை. குழாய் வாயில் கல் பாவி, வாட்டத்துக்குக் குறுக்கே ஐம்பதடி நீளத்துக்கு ஒரு கரை போட்டுத் தண்ணீரைப் பண்ணைக்குட்டைக்குத் திருப்பினோம். இரண்டு மழைக்காலத்தில் முதல் மூன்று தடுப்புகளும் மண் நிரம்பின. போன ஐப்பசியில் குட்டையிலிருந்து வழிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் படிந்தது ஒரு சிட்டிகைதான்.